வண்ணம் மெய்யா, மறைப்பா? – செருமானியச் சுடுமண் தேவாலயச் சிற்பங்கள் எழுப்பும் அறவினா

முன்னுரை

ஒரு கலைப்பொருளின் மெய்ம்மை அதன் மூலப்பொருளில் உள்ளதா, மனிதர் அதற்கு அளித்த தோற்றத்தில் உள்ளதா என்பது கலைமெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. 1400ஆம் ஆண்டையொட்டியும் அதன்பின்னும் செருமானிய நிலப்பகுதிகளில் தேவாலயங்களுக்கென உருவாக்கப்பெற்ற வண்ணச் சுடுமண் சிற்பங்கள் இதனை அறவியல் வினாவாகவும் ஆக்குகின்றன. மண்ணை வண்ணத்தால் மூடுதல் பொய்யா? அவ்வண்ணத்தைப் பிற்காலத்தார் நீக்குதல் முறையா? இவ்விரண்டும் இங்கு ஆராயப்பெறுகின்றன.

சிற்பங்களும் செய்முறையும்

நூரம்பர்க் நகரில் 1400ஆம் ஆண்டளவில் அமர்ந்த நிலையிலான திருத்தூதர் உருவங்கள் சுடுமண்ணால் செய்யப்பெற்றன. நடுரைன் பகுதியிலும் இக்கலை செழித்தது. லோர்க் ஊரின் 'சிலுவை சுமத்தல்' சிற்பத்தொகுதி இன்று பெர்லின் போடே அருங்காட்சியகத்தில் உள்ளது. ஹால்கார்ட்டன் ஊரின் அன்னை மரியாள் உருவமோ அவ்வூர்த் தேவாலயத்திலேயே வழிபாட்டில் நிலைத்துள்ளது.

களிமண் உருவம் சூளையில் வெடிக்காதிருக்க அதன் உட்புறம் குடையப்பெறும். சுட்ட பின்னர், பசை கலந்த வெண்சுண்ணப் பூச்சின்மீது வண்ணமும் பொன்தாளும் ஏற்றப்பெறும். பதினைந்தாம் நூற்றாண்டில் புளோரன்சு நகரில் லூக்கா டெல்லா ராபியா கையாண்ட மெருகுப்பூச்சில் வண்ணமும் மண்ணும் நெருப்பால் ஒன்றாயின. செருமானியச் சிற்பங்களிலோ வண்ணம் சூளைக்குப் பின் இடப்பெற்றதால், அது மண்ணினின்று பிரிக்கத்தக்கதாகவே எஞ்சியது. அறவினா பிறப்பது இப்பிரிவிலேயே ஆகும்.

வண்ணம் பொய்யா?

மண்ணை மறைத்து அதனை உடலாகவும் பட்டாகவும் பொன்னாகவும் காட்டுவது ஏமாற்று எனச் சிலர் வாதிடலாம். ஆயின், பொய்ம்மைக்கு ஏமாற்றும் நோக்கம் வேண்டும். இங்கு உருவம் பூச்சுற்றது என்பதை அக்கால வழிபடுவோர் அறிவர். வண்ணமிடுதல் மறைவான செயலன்று. வண்ணம் பெறாத உருவம் முற்றுப்பெறாததாகவே பெரிதும் கருதப்பெற்றது. டில்மன் ரீமன்ஷ்னைடர் 1490-92இல் மியூனர்ஷ்டாட் ஊருக்குச் செதுக்கிய மரப்பீடச் சிற்பங்கள் முழுவண்ணமின்றி நிறுவப்பெற்றன. 1504-05இல் பைட் ஷ்டோஸ் அவற்றிற்கு வண்ணமிட்டார். அது மரச்சிற்பமாயினும், வண்ணமின்மையை ஊரார் குறையாகவே உணர்ந்தனர் என்பதற்குச் சான்றாகும். எனவே வண்ணம் மெய்யை மூடும் திரையன்று. படைப்பின் ஓர் உறுப்பு.

நீக்குதல் முறையா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடைக்காலச் சிற்பங்கள் பலவற்றின் வண்ணங்கள் காரநீராலும் சுரண்டியும் அகற்றப்பெற்றன. மூலப்பொருளே தூயது என்னும் சுவைக்கொள்கை அதற்கு ஒரு காரணம். மெய்ம்மையின் பெயரால் மெய்யின் ஒரு பகுதி அழிந்தது என்பதே இதன் முரண்.

இங்கு மற்றொரு சிக்கல் எழுகின்றது. வழிபாட்டிலிருந்த உருவங்கள் காலந்தோறும் மீண்டும் வண்ணமிடப்பெற்றன. முதல் அடுக்கைக் காணப் பிந்தைய அடுக்குகளை நீக்கினால், பின்வந்த தலைமுறைகளின் பங்களிப்பு அழியும். நீக்காவிடில் முதல் கலைஞரின் கைத்திறம் மறைந்தே கிடக்கும். 1964ஆம் ஆண்டின் வெனிசு சாசனம் எல்லாக் காலப் பங்களிப்பையும் மதிக்குமாறு பணிக்கின்றது. நீக்கப்படுவது சிறுமதிப்பும் வெளிப்படுவது பெருமதிப்பும் உடையனவாயின் மட்டுமே, அதுவும் அரிதாக, அடுக்கை அகற்ற அது இசைகின்றது. அம்முடிவைப் பணிப்பொறுப்பாளர் ஒருவரிடமே விடலாகாது என்றும் வரையறுக்கின்றது. நினைவுச்சின்னங்களை முன்னிறுத்தி எழுந்த இந்நெறி சிற்பங்களுக்கும் பொருந்துவதே.

எனினும் மதிப்பை அளப்பவர் யார்? ஆய்வாளருக்குத் தடித்த பிற்காலப் பூச்சு இடையூறு. அவ்வுருவத்தின் முன் மண்டியிட்டு வளர்ந்தவருக்கு அதுவே அன்னையின் முகம். ஒருவரின் அறிவுத்தேவை மற்றவரின் நினைவை விலையாகக் கேட்கின்றது. இருவர் கோரிக்கையும் நேரியவையே. ஆயினும் அவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு: மூடியிருக்கும் அடுக்கை நாளை காணலாம், அழித்த அடுக்கை எக்காலத்தும் மீட்கவியலாது.

முடிவுரை

மெய்ம்மை மண்ணில் மட்டுமோ முதல் வண்ணத்தில் மட்டுமோ அடங்குவதன்று; உருவம் கடந்துவந்த வாழ்வு முழுவதிலும் அது பரவியுள்ளது. எல்லா அடுக்கும் ஒரே மதிப்புடையன என்பது இதன் பொருளன்று. முதல் பூச்சைச் சிதைக்கும் பிற்பூச்சை நீக்குதல் கடமையாதலும் கூடும். ஆயின், காரணங்காட்டும் பொறுப்பு காப்பவரைச் சார்ந்ததன்று. நீக்க முனைபவரையே சாரும். மீட்கவியலாச் செயலில் தயங்குதல் அறியாமை ஆகாது. அதுவும் ஓர் அறமே எனலாம்.