அடி வாங்குகிறவனும் பதில் சொல்கிறவனும்

நான் வசிக்கும் ஒட்டாவா நகரில், ரீடோ கால்வாயை ஒட்டி லான்ஸ்டவுன் என்ற இடத்தில் ஒரு ஸ்டேடியம் இருக்கிறது. ரெட்பிளாக்ஸ் என்ற கனடிய ஃபுட்பால் அணியின் சொந்த மைதானம் அது. இந்த ஆட்டத்தில் எனக்கு ரசிகனின் ஞானம் கிடையாது. ஆனால் அந்த அணியின் இரண்டு வருஷத் தோல்வி, எனக்குள் வெகுகாலமாக உறுத்திக்கொண்டிருந்த ஒரு கேள்வியைத் திரும்பவும் கிளப்பிவிட்டது. ஒரு அமைப்புக்காக வேலை செய்கிறவன் அடிபட்டு விழும்போது பதில் சொல்ல வேண்டியவர் யார்? அடித்தவனா, அவனை அங்கே நிறுத்தியவர்களா? அல்லது பதில் சொல்ல ஆளே இல்லாத விஷயமா அது?

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 110 கெஜ மைதானம், பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். மூன்று முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேறியாக வேண்டும். அமெரிக்காவில் ஆடுவதில் நான்கு முயற்சிகள். இங்கே ஒன்று குறைவு. அதனால் பந்தை எறிந்து முன்னேறுவதற்கு இங்கே முக்கியத்துவம் அதிகம். எறிகிறவனான குவார்ட்டர்பேக்கின் மேல் ஆட்டம் முழுவதும் சாய்ந்து நிற்கிறது. எறிவதற்கு அவன் தூரத்தில் ஓடுகிறவனைப் பார்க்க வேண்டும். அவன் பார்வை தூரத்தில் இருக்கும் அந்தக் கணத்தில்தான் பக்கத்திலிருந்து எதிராளிகள் அவனை வீழ்த்தப் பாய்கிறார்கள். வீழ்த்துவது விதிகள் அனுமதிப்பதுதான். எறிந்து முடித்தவன் மேல் காலம் கடந்து மோதுவதும், அவன் கால்களைக் குறிவைத்துப் பாய்வதும் குற்றங்கள்.

2022 ஜூலை 8 அன்று ரெஜைனா நகரில், சஸ்காச்சுவன் அணியின் கேரட் மரினோ ஒட்டாவாவின் குவார்ட்டர்பேக் ஜெரமையா மசோலியின் காலில் பாய்ந்தார். கால் எலும்பு முறிந்தது. மசோலிக்கு அப்போது வயது 33. அந்த ஆண்டுதான் ஒட்டாவா அவரை நம்பி ஒப்பந்தம் செய்திருந்தது. லீக் மரினோவுக்கு நான்கு ஆட்டத் தடை விதித்தது: அந்த மோதலுக்கு இரண்டு, இன்னொரு வீரர் மேல் முறைகேடாகப் பாய்ந்ததற்கு ஒன்று, மசோலியின் வம்சாவளியைப் பழித்துப் பேசியதற்கு ஒன்று. மசோலி சிகிச்சை பெற்று, பயிற்சி செய்து, சரியாக ஓராண்டு கழித்து, 2023 ஜூலை 8 அன்று மீண்டும் இறங்கினார். அன்றே குதிகால் தசைநாண் அறுந்தது. அந்த ஆண்டும் அவருக்கு அத்துடன் முடிந்தது.

2022இல் பதினெட்டு ஆட்டங்களில் ஒட்டாவா வென்றது நான்கு. 2023லும் நான்கு. தலைமைப் பயிற்சியாளர் பால் லபோலீஸ் 2022 அக்டோபர் 1 அன்று நீக்கப்பட்டார். அணியைக் கட்டிய பொது மேலாளர் ஷான் பர்க் தொடர்ந்தார். அவருக்கு முன்பிருந்த மேலாளர் 2021 அக்டோபரில் நீக்கப்பட்டவர்.

தோற்ற அணிகளின் வாயில் வழக்கமாக வருகிற ஒரு வாக்கியம் உண்டு: 'காயங்கள் எங்களைச் சாய்த்துவிட்டன.' இது பொய்யல்ல. பொய்யாக இருந்தால் மறுப்பது சுலபம். உண்மையாக இருப்பதுதான் சங்கடம். எலும்பு எப்போது முறியும் என்று எந்த மேலாளருக்கும் தெரியாது. ஆனால் இந்த வாக்கியத்துக்குள் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இந்த மனிதனுக்கு இந்த நாளில் அடிபட்டது தற்செயல். இந்த ஆட்டத்தில் யாராவது ஒரு குவார்ட்டர்பேக்குக்கு அடிபடும் என்பது தற்செயல் அல்ல; அது ஆட்டத்தின் இயல்பு. முதலாவதற்கு நிர்வாகத்திடம் பதில் கேட்பது மூடத்தனம். இரண்டாவதற்குப் பதில் தயாராக வைத்திருப்பதற்காகத்தான் நிர்வாகம் என்ற ஒன்று இருக்கிறது. மசோலி விழுந்த சில நாட்களுக்குள் எட்மன்டன் அணியிலிருந்து நிக் ஆர்பக்கிள் என்ற குவார்ட்டர்பேக் வரவழைக்கப்பட்டார். விழுந்தபின் தேடியது சரி. விழுமுன் தேடினோமா என்பதுதான் கேள்வி.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அதிர்ஷ்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எதிரெதிராக இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். வில்லியம்ஸ் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்கிறார். தன் பிழை எதுவும் இல்லாமல் அவன் ஒரு குழந்தையின் மேல் வண்டியை ஏற்றிவிடுகிறான். 'உன் மேல் தப்பில்லை' என்று நாம் அவனைத் தேற்றுவோம், தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவன் அந்தத் தேறுதலை உடனே ஒப்புக்கொண்டு நிம்மதியாகிவிட்டால் அவனைப் பற்றி நமக்குச் சந்தேகம் வரும். குற்றம் இல்லாத இடத்திலும் ஒரு பாரம் இருக்கிறது, அதை இறக்கிவைக்கத் துடிக்கிறவனிடம் ஏதோ குறைகிறது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. நிர்வாகங்களிடம் எனக்கு உள்ள மனக்குறையும் இதுதான். தப்பில்லை என்ற இடத்துக்கு அவர்கள் வெகு சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

நல்ல அதிர்ஷ்டம் வரும்போது கவனியுங்கள். மசோலி இரண்டாம் முறை விழுந்த ஒரு வாரத்தில், 2023 ஜூலை 15 அன்று, டஸ்டின் கிரம் என்ற புதியவரை வைத்துக்கொண்டு ஒட்டாவா, பலமான வின்னிபெக் அணியைக் கூடுதல் நேரத்தில் 31-28 என்று வென்றது. இதுவும் யாரும் எதிர்பார்க்காததுதான். ஆனால் எந்த நிறுவனமானாலும், இப்படி ஒன்று வாய்த்தால் அதற்குத் தீர்க்கதரிசனம், திட்டமிடல் என்று பெயர் வந்துவிடும். கெட்டது நடந்தால் விதி, நல்லது நடந்தால் திறமை என்று இரண்டு பேரேடுகள் வைத்திருக்கும் கணக்கில் நேர்மை இருக்க முடியாது. கேடு தற்செயல் என்றால் நலமும் தற்செயல். இல்லை, நலம் நம்முடையது என்றால் கேட்டில் ஒரு பங்கும் நம்முடையதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'தலைகள் உருள வேண்டும்' என்று கேட்கிற ரசிகன் பொறுப்பைத்தான் கேட்கிறான் என்று நான் நினைக்கவில்லை. அவன் கேட்பது பலி. பயிற்சியாளரை நீக்கினால் மனசு ஆறுகிறது, எதுவும் விளங்குவதில்லை. நீக்கப்பட்டவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகும்போது, என்ன முடிவுகள் ஏன் எடுக்கப்பட்டன என்ற விவரமும் அவரோடு போய்விடுகிறது. இந்த லீக்கில் பயிற்சியாளர்களுக்கும் அணி அலுவலர்களுக்கும் ஒரு அணி செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. நீக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய மிச்சச் சம்பளமும் அதில் அடங்கும். ஆகவே ஒருவரை நீக்குவதா வைத்திருப்பதா என்பது பாதி கணக்கெழுதும் விவகாரம். நீக்கினாலும் வைத்திருந்தாலும் பேசப்படாமல் போவது ஒன்றுதான்: காரணம்.

தமிழில் பொறுப்பு என்ற சொல் 'பொறு' என்பதிலிருந்து வருகிறது. பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்கிக்கொள்ளுதல், மன்னித்தல் கூட. பொறை என்றால் சுமை. பொறுப்பாளி என்பவன் பதவியில் இருக்கிறவன் அல்ல, பாரம் யார் மேல் இறங்குகிறதோ அவன் என்று இந்தச் சொல் சொல்கிறது. இப்படிப் பார்த்தால் அந்த அணியில் உண்மையான பொறுப்பாளி மசோலிதான். இரண்டு வருஷமும் முறிந்தது அவர் எலும்பு, அறுந்தது அவர் தசைநாண். 'தோல்விக்குப் பொறுப்பேற்கிறோம்' என்று அறிக்கை விடுகிறவர்கள் எதையும் சுமப்பதாகத் தெரியவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அவர் சம்மதித்து வந்தவர், அடிபடும் என்று தெரிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர், அதற்குத்தான் சம்பளம். சரி. ஆனால் அடிபடச் சம்மதித்தவன் பிறருடைய தோல்விக்கு விளக்கமாக இருக்கச் சம்மதிக்கவில்லை. ஒரு மனிதனின் உடைந்த காலைக் காட்டித் தன் கணக்கை முடித்துக்கொள்ளும்போது, அவன் உடம்பை இரண்டாவது முறை உபயோகிக்கிறோம். முதல் உபயோகத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை.

இதையெல்லாம் வெளியே நின்று நியாயம் பேசுகிறவனாக நான் எழுதவில்லை. இந்த நகரத்துக்கு வந்த புதிதில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு ஷிப்டுக்கு மேற்பார்வையாளனாக இருந்தேன். ஒரு இரவு ஒரு ஆள் வரவில்லை. இரண்டு பேர் பிடிக்க வேண்டிய பாரத்தை ஒருவரைப் பிடிக்கச் சொன்னேன். அதற்கு முன்பும் பல இரவுகள் அப்படிச் செய்து ஒன்றும் ஆகவில்லை. அன்று ஆயிற்று. பாரம் சரிந்து அவர் மணிக்கட்டு நொறுங்கியது. ஆம்புலன்ஸ் போனபின் ஒரு ஃபாரத்தை நிரப்பினேன். 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில் 'விபத்து' என்று எழுதினேன். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. நான் எழுதியது பொய்யும் அல்ல. பாரம் அந்த இரவில் சரியும் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் சரியும் என்று தெரியும்.

என்னை வேலையிலிருந்து நீக்கியிருந்தால் அவருடைய கை தேறியிருக்காது. அடுத்து வருகிற மேற்பார்வையாளனும் அதையேதான் செய்திருப்பான். நான் செய்திருக்க வேண்டியது மிகச் சின்ன விஷயம். 'ஆள் குறைவு என்று தெரிந்தும் வேலையை நிறுத்தவில்லை' என்று அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கலாம். அதற்கு மேல் ஒரு தண்டனையையும் நான் இந்த விளையாட்டு நிர்வாகங்களுக்கும் கேட்கவில்லை. 33 வயது மனிதர் ஒருவர் மேல் ஒரு பருவம் முழுவதையும் ஏற்றிவைக்கும்போது என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்தும் செய்யாமல் விடப்பட்டது என்று, அடிபட்டவரும் மற்றவர்களும் படிக்கும்படி, பதவியில் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். ஜெயித்த வருஷத்திலும் எழுத வேண்டும். நான் இன்றுவரை செய்யாததை அவர்களிடம் கேட்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தேதான் இருக்கிறது.