மறைந்திருந்து சொன்ன உண்மை

வாலியை இராமன் மறைந்து நின்று எய்தது முறையா என்று நம் பட்டிமண்டபங்கள் இன்னும் வழக்காடி ஓயவில்லை. அம்புக்குக் கேட்ட கேள்வியைச் சொல்லுக்கும் கேட்கலாம். ஒருவன் உண்மையைத்தான் சொல்கிறான்; ஆனால் தான் இருக்கும் இடத்தை மறைத்துக்கொண்டு சொல்கிறான். அந்த உண்மைக்கு மாசு உண்டா?

காந்தியடிகளுக்கு இதில் ஐயமே இல்லை. இரகசியம் பாவம் என்பது அவர் கொள்கை. சத்தியாக்கிரகி சட்டத்தைப் பகிரங்கமாக மீற வேண்டும். தண்டனையையும் பகிரங்கமாக ஏற்க வேண்டும். மறைகிறவன் அஞ்சுகிறான், அஞ்சுகிறவன் கையில் அகிம்சை நிலைக்காது. 1944இல் விடுதலையானதும், தலைமறைவாக இருந்த ஊழியர்களை வெளியே வரும்படி அவர் கேட்டுக்கொண்டார்.

ஆனால் அவர் மூட்டிய போராட்டத்திலேயே ஒரு மறைவுக் குரல் பிறந்தது. 1942 ஆகஸ்டு 8இல் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் பொழுது விடியும்போதே தலைவர்கள் கைதாகிவிட்டார்கள். பத்திரிகைகளின் வாயைத் தணிக்கை கட்டியது. அந்த மாதம் 27இல் சிற்றலையில் ஒரு பெண் குரல் கேட்டது. காங்கிரஸ் ரேடியோ பேசுகிறது என்றது, 42.34 மீட்டரில் என்றது. இடத்தை மட்டும் 'இந்தியாவில் எங்கோ' என்றது. பேசியவர் உஷா மேத்தா, வயது 22. ராம் மனோகர் லோகியா போன்றவர்கள் துணை நின்றார்கள்.

சிற்றலையின் இயல்பு விந்தையானது. வானுக்கு ஏறி, அங்கிருந்து திரும்பித் தொலைதூர ஊரில் இறங்கும். சிறிய கருவி கூடப் பெருந்தொலைவு பேசும். அதே அலை, தான் புறப்பட்ட திசையைப் போலீஸின் கருவிக்கும் காட்டிக் கொடுக்கும். ஆகவே நிலையம் வீடு வீடாக மாறிக்கொண்டே இருந்தது. சிமூரிலும் அஷ்டியிலும் நடந்த கொடுமைகளை, பத்திரிகைகள் அச்சிட முடியாத நாளில், அது சொன்னது.

இதை வேறொரு நிலையத்தோடு வைத்துப் பார்க்கிறேன். 1941 முதல் 1943 வரை பிரிட்டிஷ் சர்க்காரும் ஒரு மறைவு நிலையத்தைச் சிற்றலையில் நடத்திற்று. செஃப்டன் டெல்மர் என்பவர் அதன் சூத்திரதாரி. பேசியவன் தன்னை ஜெர்மானிய தேசபக்தனாகக் காட்டிக்கொண்டான். ஜெர்மன் மண்ணிலிருந்து பேசுவதுபோல் நடித்தான். இருந்ததோ இங்கிலாந்தில்.

இரண்டும் மறைந்தே பேசின. ஆனால் ஒன்று 'எங்கே' என்பதை மறைத்தது. மற்றது 'யார்' என்பதையே மறைத்தது. முன்னது தன்னை அடக்க வருபவனிடமிருந்து ஒளிந்தது. பின்னது தன்னை நம்பிக் கேட்பவனிடமிருந்தே ஒளிந்தது. நான் கோடு கிழிப்பது இங்கேதான். கேட்பவனை ஏமாற்றாத மறைவு பொய்யாகாது. அது காற்றில் அணையாமலிருக்க விளக்கைக் கையால் மூடுவது போன்றது.

இன்னொரு சோதனையும் உண்டு. கணக்குத் தீர்க்கும் வேளை வரும்போது மறைந்தவன் என்ன செய்கிறான்? நவம்பர் 12இல் போலீஸ் வரப்போகிறது என்று தெரிந்த பிறகும் உஷா மேத்தா ஒலிபரப்பை விட்டு ஓடவில்லை. அங்கேயே பிடிபட்டார். விசாரணை மாதக்கணக்கில் நீண்டது. வெளிநாட்டுப் படிப்பு என்று ஆசையும் காட்டினார்கள். அவர் வாய் திறக்கவில்லை. நேற்றுவரை முகத்தை மறைத்துக் குரலைக் கொடுத்தவர், இன்று முகத்தைக் கொடுத்துக் குரலை மறைத்தார். இரண்டும் பிறருக்காகவே. நான்காண்டுத் தண்டனை கிடைத்தது. எர்வாடா சிறையிலிருந்து 1946இல் வெளிவந்தார். பின்பு அதே காந்தியின் சிந்தனையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார்.

அதனால் காந்தியின் எச்சரிக்கை தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்த நிலையம் வாழ்ந்தது மூன்று மாதத்துக்கும் குறைவு. இருபது ஆண்டு நடந்திருந்தால்? ஆபத்து நீங்கிய பிறகும் மறைவு இனிக்கத் தொடங்கும். பொறுப்பில்லாமல் பேசும் சுகம் அதில் இருக்கிறது. இன்று கைப்பேசியில் பெயரில்லாமல் வசை எழுதுகிறவனும், தன்னைப் புரட்சிக்காரன் என்றே எண்ணிக்கொள்கிறான். அவனை எந்தப் போலீஸும் தேடவில்லை. அவன் ஒளிவது தன் சொல்லின் விலையைக் கொடுக்காமலிருக்க.

இருளில் நின்று பேசுகிறவனிடம் நான் இரண்டே கேள்விகள் கேட்பேன். உன்னை நம்பிக் கேட்பவனிடம் எதையேனும் மறைக்கிறாயா? கதவு தட்டப்படும்போது, 'பேசியது நான்தான்' என்று இருந்த இடத்திலேயே நிற்பாயா?