முன்னோர் எங்கே?

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு சேர்கிறது. முக்கூடற்பள்ளின் முக்கூடல் இந்த இடம்தான். அந்தப் பள்ளில் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டிவைக்கிறான். படிக்கிறவர்கள் சிரித்துவிட்டு இரண்டு மனைவியரின் ஏசலுக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு அந்த மரக்கட்டையைத் தாண்டிச் சீக்கிரம் போக முடிவதில்லை.

கிறிஸ்தவத்தின் கடைசி நியாயத்தீர்ப்பை நான் அந்தக் கட்டையிலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். அது வெறும் பயமுறுத்தல் என்று நம் பகுத்தறிவாளர்கள் சொல்வது பாதிதான் சரி. வெளிப்படுத்தின விசேஷத்தில் செத்தவர்கள் எல்லாரும், பெரியவன் சின்னவன் வித்தியாசமில்லாமல், வந்து நிற்கிறார்கள், புஸ்தகங்கள் திறக்கப்படுகின்றன. பாங்கில் பேரேட்டோடு காலம் கழிக்கிறவனுக்கு இந்தக் காட்சி சட்டென்று புரியும். பண்ணைக்காரன் பேரிலும் ஒரு பக்கம் இருக்கிறது. அமாவாசையன்று ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். தொழுவில் கிடந்தவனின் வழக்கு அங்கே விசாரணைக்கு வருவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஜில்லாவில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றவர்களின் காதில் இது விழாமலா இருந்திருக்கும்?

விழுந்திருந்தால் அடுத்த கேள்வியும் எழுந்திருக்கும். சுவிசேஷம் வருமுன்பே தொழுவில் கிடந்து செத்த பாட்டன் எங்கே?

கேள்வி புதிதல்ல. 1542இல் கோவாவுக்கு வந்து முத்துக்குளித்துறைப் பரதவரிடையே அலைந்த சவேரியார் பிறகு ஜப்பானுக்குப் போனார். 1552இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அங்கே மதம் மாறியவர்களைப் பற்றிச் சொல்கிறார். செத்த பெற்றோரை ஜெபத்தால், தர்மத்தால் நரகத்திலிருந்து மீட்க முடியுமா என்று கேட்டார்களாம். முடியாது என்றார். அழுதார்கள். அதைப் பார்த்துத் தாமும் வருந்தியதை அவர் மறைக்கவில்லை. அந்த வருத்தம் அவருடைய இறையியலைவிடப் பெரியது என்று எனக்குப் படுகிறது.

கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, இரட்சணிய யாத்திரிகத்தை 1894இல் வெளியிட்டார். அதன் மூலநூலான பனியனின் கதையில் (1678) யாத்திரிகன் மனைவி மக்களை விட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். 1684இல் பனியன் இரண்டாம் பாகம் எழுதி அவர்களையும் அதே பாதையில் நடக்கவைத்தார். பின்னால் வருகிறவர்களுக்கு இரண்டாம் பாகம் உண்டு. முன்னால் போய்விட்டவர்களுக்கு எந்தப் பாகமும் இல்லை.

1964இல் வத்திக்கான் சங்கம், தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதவனுக்கும் மீட்பு கூடும் என்றது. கருணைதான், ஆனாலும் வாராக்கடனைத் தள்ளுபடி செய்யும் சுற்றறிக்கையின் வாசனை அதில் அடிக்கிறது. பாட்டனுக்கு வேண்டியது தள்ளுபடி அல்ல. அவன்தான் வாதி. அவனை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் நியாயத்தீர்ப்பில் யாருக்கு என்ன நியாயம்?

விடைக்கான இடம் கிறிஸ்தவத்துக்குள்ளேயே இருக்கிறது. விசுவாசப் பிரமாணம், சிலுவைக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்கிறது. பேதுருவின் முதல் நிருபம், காவலில் கிடந்த ஆவிகளிடம் அவர் பேசியதாகச் சொல்கிறது. கீழைத் திருச்சபையின் ஓவியர்கள் உயிர்த்தெழுதலை வரையும்போது, ஆதாமையும் ஏவாளையும் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிற கிறிஸ்துவையே வரைகிறார்கள். பாளையங்கோட்டையில் நண்பர்கள் வீட்டுச் சாவுகளில் நான் கேட்ட பிரசங்கம் எதிலும் இது வந்ததில்லை.