எந்தக் கை நீளமான கை?

ரமளான் பாதி கழிந்ததும் சில பள்ளிக்கூடங்களில் ஒரு நல்ல வேலை தொடங்குகிறது. மாணவ மாணவியர் கெட்டி அட்டையை வெட்டி மடித்து, பிறையும் மினாராவும் வரைந்து, வண்ணம் தீட்டிப் பெருநாள் வாழ்த்து அட்டைகள் செய்கிறார்கள். அவற்றை உற்றார் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் விற்று, வரும் பணத்தை ஏழைப் பிள்ளைகளின் பெருநாள் துணிக்கென்று கொடுக்கிறார்கள். ஒரே வாழ்த்தைக் கைப்பேசியில் நூறு பேருக்கு அனுப்பிவிடும் இக்காலத்தில், ஒரு பிள்ளை உட்கார்ந்து தன் கையால் செய்த அட்டை நம்மை வந்தடைவது மகிழ்ச்சிக்குரியதே. இந்தப் பழக்கத்தைக் குறை கூற நாம் வரவில்லை. நல்ல காரியம் என்பதாலேயே அதை எப்படிச் செய்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் இங்கே தேவையில்லை. ஆறாம் வகுப்பில் யார் எத்தனை அட்டை விற்றார்கள் என்று நாள்தோறும் கரும்பலகையில் எழுதி வந்தார்கள். துணிக்கடை முதலாளியின் மகன் பெயருக்கு நேரே அறுபது. அவன் தன் கையால் செய்தவை நான்கு. மற்றவற்றைக் கடைச் சிப்பந்தி செய்து, வாடிக்கையாளர்களிடம் விற்றும் கொடுத்தார். பீடி சுற்றும் தாயின் மகள் ஒருத்தி பெயருக்கு நேரே இரண்டு. அவள் பத்து அட்டை செய்திருந்தாள். உம்மாவின் பீடித் தட்டுக்கு அருகே இரவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாகப் பூ வரைந்திருந்தாள். ஆனால் அவள் தெருவில் அட்டைக்குப் பணம் கொடுக்கக்கூடியவர்கள் இரண்டு வீட்டார்தாம்.

கடைசி நாளன்று அறுபது விற்றவனுக்குப் பரிசு கொடுத்தார்கள். பிறகு துணி பெற வேண்டிய பிள்ளைகளின் பெயர்களை அதே வகுப்பில் உரக்க வாசித்தார்கள். அந்தச் சிறுமியின் பெயரும் அதில் இருந்தது. அவள் எழுந்து போய் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "உம்மா, இந்தத் துணியை நாம கொடுத்தோமா, வாங்கினோமா?" என்று கேட்டாளாம். அந்தத் தாய்க்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதை நம் வீட்டாரிடம் அவர் சொன்னபோது நாமும் சற்று நேரம் வாயடைத்துத்தான் போனோம்.

பள்ளியில் யாரும் கெட்ட எண்ணத்துடன் நடக்கவில்லை. பிள்ளைகள் முனைப்போடு உழைக்கட்டும், பணம் கூடுதலாகச் சேரட்டும் என்றே செய்தார்கள். ஆயினும் கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதாலும், பெற்றவர் மனத்தைப் புண்படுத்துவதாலும் தர்மத்தைப் பாழாக்கிக்கொள்ள வேண்டாம் என்று திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. இங்கே வாயால் ஒருவரும் சொல்லிக்காட்டவில்லை, கரும்பலகை சொல்லிக்காட்டியது. வாசித்த பட்டியல் புண்படுத்தியது.

"நன்மையில் முந்திக்கொள்ளுமாறு மார்க்கமே ஏவுகிறதே, போட்டியில் என்ன தவறு?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். தபூக் யுத்தத்திற்குப் பொருள் திரட்டப்பட்ட காலத்தில், இன்று அபூபக்ரை முந்திவிட வேண்டும் என்ற ஆவலோடு உமர் (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைக் கொண்டுவந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களோ தம்மிடம் இருந்த அனைத்தையும் கொண்டுவந்தார்கள். அப்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வியைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு கொண்டுவந்தீர் என்பதன்று அது; குடும்பத்தாருக்கு எதை விட்டுவந்தீர் என்பதே இருவரிடமும் கேட்கப்பட்ட கேள்வி. ஆக, அங்கேயும் போட்டி இருந்தது. அளவுகோல்தான் வேறாக இருந்தது.

அளவுகோல் தவறிப்போவதைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. தமக்குப் பின் தம்மை முதலில் வந்தடைபவர் நீளமான கையுடையவரே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியரிடம் கூறினார்கள். அவர்கள் தங்கள் கைகளை ஒன்றோடொன்று வைத்து அளந்து பார்த்தார்கள். ஆனால் நாயகத்திற்குப் பின் அவர்களுள் முதலில் மறைந்தவர் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். அது ஹிஜ்ரி 20இல். அன்னையவர்கள் தம் கையால் வேலை செய்து, அதில் கிடைத்ததைத் தர்மம் செய்து வந்தவர்கள். நீளமான கை என்பது உழைத்துக் கொடுத்த கையே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

முஃமின்களின் அன்னையர் முழம்போட்டு அளந்தார்கள். பின்னர் உண்மையை உணர்ந்தார்கள். நாம் இன்னும் ரூபாயால் அளந்துகொண்டிருக்கிறோம். அந்த வகுப்பில் நீளமான கை எது என்று சொல்லவும் வேண்டுமோ?

ஏழை என்றால் பெறுபவர், செல்வர் என்றால் கொடுப்பவர் என்று பிள்ளைகளின் மனத்தில் பதியவைப்பது பெருந்தவறு. ஒவ்வொரு முஸ்லிமும் ஸதகா செய்தாக வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, எதுவும் இல்லாதவர் என்ன செய்வது என்று தோழர்கள் கேட்டார்கள். கையால் உழைத்துத் தாமும் பயனடைந்து, தர்மமும் செய்யட்டும் என்று விடை வந்தது. அதற்கும் இயலாதவர்க்கு அல்லற்படுவோருக்கு உதவுவதும், நன்மையை ஏவுவதும், கடைசியில் தீமை செய்யாதிருப்பதும்கூட ஸதகா என்று வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. கொடுப்போர் வரிசையிலிருந்து ஒருவரையும் மார்க்கம் விலக்கவில்லை.

வாழ்த்து அட்டையின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946இல் ஐக்கிய நாடுகள் சபை தொடங்கிய யூனிசெப் என்னும் குழந்தைகள் நிதி அமைப்பு, அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் பிள்ளைகளுக்கும் உதவி அளித்தது. அவ்வுதவி பெற்ற கிராமம் ஒன்றில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நன்றியாக ஒரு படம் வரைந்தாள். காகிதம் கிடைக்காததால் கண்ணாடியின்மேல் தீட்டினாள். 1949இல் யூனிசெப் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டையில் அச்சானது அந்தப் படமே. அதைத் தொடர்ந்து ஆண்டுதோறும் விற்ற அட்டைகளின் பணம் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பெற்ற கையே கொடுத்த கையாகவும் ஆயிற்று.

ஆகவே இப்பணியைச் செய்யும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நாம் சொல்லிக்கொள்வது இதுதான். விற்பனைக் கணக்கைப் பலகையில் எழுத வேண்டாம். அட்டைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, செய்தவர் பெயரின்றி வகுப்பின் பெயரால் விற்கட்டும். அட்டைக்கும் வண்ணத்துக்கும் ஆன செலவு, விற்று வந்த தொகை, கொடுத்த தொகை ஆகியவற்றைப் பெற்றோர் அறியத் தெரிவிக்கட்டும்; அப்பணம் அமானிதம். உதவி பெறுவோர் பட்டியலோ இருவர் மூவருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது இன்னும் சிறந்தது என்பது திருமறை காட்டும் வழி.

அட்டை வாங்குவோரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கொடுத்த விலைக்கு ஒரு பொருளைப் பெற்றுக்கொண்டோம். அதை ஜகாத்திலோ பித்ராவிலோ கழித்துக்கொள்ள முடியாது. பித்ராவைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே உரியவரிடம் சேர்ப்பது தனிக் கடமை.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு விடை சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மகளே, நீ வாங்கியதில் இழிவில்லை. அது உன் உரிமை. நீ கொடுக்கவும் செய்தாய். விற்ற இரண்டு மட்டுமல்ல, விற்காத எட்டும் உன் நிய்யத்தோடு சேர்த்து உன் ஏட்டில் எழுதப்பட்டிருக்கும் என்றே நாம் நம்புகிறோம். கரும்பலகையை மாலையில் அழித்துவிடுவார்கள். அந்த ஏட்டை அழிப்பார் இல்லை.

நம் பிள்ளைகளின் கைகளை நீளமான கைகளாக ஆக்கிவைக்க எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.