நிற்கும் உரிமை

தெருவை மனிதர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது பற்றி இப்போது அதிகம் பேசப்படுகிறது. எந்த மனிதர்களுக்கு என்று கேட்டால் பேச்சு சற்றுத் தடுமாறுகிறது.

சென்னைப் பாண்டி பஜாரை எடுத்துக்கொள்ளலாம். 2019 நவம்பரில், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ், தியாகராயா சாலையின் அந்தப் பகுதி நடப்பவர்களுக்கான வளாகமாகத் திறக்கப்பட்டது. கார்களுக்கான இடம் குறைந்தது, நடைபாதை அகன்றது, உட்கார இருக்கைகள் வந்தன. தெரு என்றாலே வாகனம் போகும் தடம் என்று பணிந்துபோன ஒரு நகரத்தில், முழங்கால் வலிக்காரர் ஒருவர் பாதி வழியில் உட்கார முடிகிறது. இதைக் கேலி செய்கிற இலக்கியவாதிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2013-லேயே அந்த நடைபாதையின் வியாபாரிகள் மாநகராட்சி கட்டிய பல மாடிக் கட்டிடத்துக்குள் அனுப்பப்பட்டுவிட்டார்கள். வங்கியில் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். அன்றைய கணக்கு நேராகிவிடும். பணம் யாருடையது என்ற கேள்வி அப்படியே கிடக்கும். அந்த மாடிகளைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இதுதான் தோன்றுகிறது.

இத்தகைய திட்டங்களுக்கென வரையப்படும் படங்களைப் பாருங்கள். பலூன் பிடித்த குழந்தை, கைகோத்த தம்பதி, நாயோடு ஒருவர். எல்லோரும் எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறவர்கள். கூடை இறக்கிவைத்தவள் இல்லை. வேலை தேடி வந்து, போக இடமில்லாமல் நிற்கிறவன் இல்லை. மக்கள் என்ற சொல் இந்தப் படங்களில் எவ்வளவு சுருங்கிவிடுகிறது!

திருவிதாங்கூர் வைக்கத்தில் 1924-ல் நடந்தது கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கான போராட்டம். ஈரோட்டிலிருந்து போன பெரியார் அதற்காகச் சிறையிருந்தார். 1925-ல் ஏற்பட்ட சமரசத்தில்கூடக் கிழக்குத் தெரு திறக்கப்படவில்லை. தெரு பொது என்பது நமக்கு இயற்கையாக வந்த எண்ணம் இல்லை. ஆகவே, பொதுவெளி என்றதும் திண்ணையை நினைத்து உருகுவதில் எனக்குச் சம்மதமில்லை. திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நின்றே பேச வேண்டும் என்பது ஊருக்குத் தெரியும்.

நடக்கும் உரிமை பல ஊர்களில் இன்னும் முடியாத விஷயம்தான். நகரம் அதைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டுவிட்டது. நிற்பதை அது இன்னும் ஏற்கவில்லை. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் சுப்ரீம் கோர்ட், பிழைக்கும் வழி என்பது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. அதே தீர்ப்பில், நடைபாதை பொதுமக்கள் நடப்பதற்கானது, அதை ஆக்கிரமிக்க எவருக்கும் உரிமையில்லை என்றும் சொன்னது. தனித்தனியே இரண்டும் நியாயம். சேர்த்து வாசித்தால், பிழைக்க உரிமையுள்ளவனுக்குக் கால் ஊன்ற இடமில்லை. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் இந்த இடைவெளியைக் காகிதத்தில் ஓரளவு அடைத்தது.

கடைகளால் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கி, பஸ்ஸுக்குப் பயந்து நடக்க நேர்ந்த கர்ப்பிணிக்கு என்ன பதில் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மோதல் நடந்தது ஆறடிக்குள். மீதித் தெரு முழுவதும் கார்களிடம் இருந்தபோது, இல்லாதவர்கள் இருவரை அந்த ஆறடிக்காகச் சண்டையிட விட்டிருந்தோம். இப்போது நடைபாதை அகன்றிருக்கிறது. இடமில்லை என்ற பழைய காரணம் செல்லாது. இன்று ஒருவரை விலக்கினால் அது தேர்வு. தேர்வுக்குப் பொறுப்பு உண்டு.

நம் சங்கதியும் இதில் இருக்கிறது. இந்தப் பத்திரிகை போன்றவற்றின் பாதி விவாதங்கள் டீக்கடை வாசல்களில், போகிறவர்களுக்கு இடைஞ்சலாக நின்றுகொண்டு நடந்தவை. ஒரு டீயை வாங்கி இரண்டு மணி நேரம் நின்றவர்களை எந்தத் திட்ட வரைபடமும் கணக்கில் எடுக்காது. எங்களை யாரும் விரட்டவில்லை. சட்டை அயர்ன் செய்திருந்தது.

பசுமை என்ற பேச்சிலும் ஒரு சோதனை இருக்கிறது. தொட்டிச் செடி பார்வைக்கு. மே மாத மத்தியானத்தில் கல் இருக்கையில் யாரும் உட்கார முடியாது. தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் எவரும் நிற்கலாம், என்ன வேலை என்று அது கேட்பதில்லை. செருப்புத் தைப்பவருக்கு வேண்டியது அந்த நிழலும் மூன்றடித் தரையும். மரத்தை வரைபடத்தில் பச்சை வட்டமாகக் காட்டுகிறார்கள். வட்டத்துக்குள் அந்த மூன்றடியை முதலில் குறித்துவிட்டு, மீதித் தெருவை அங்கிருந்து வரைய ஆரம்பித்தால் என்ன?