பழையது என்று தீர்ப்பளிப்பவர் யார்?

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில், வந்தாறுமூலையில் எம்மிடம் தமிழ் பயிலும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், பாடசாலை கலைந்த பின்னர் எம்மை அணுகி ஒரு வினா எழுப்பினான். தன் கணினியிலுள்ள விண்டோஸ் 10ஐ நீக்கிவிட்டு விண்டோஸ் 11ஐ ஏற்றுவதா, அன்றி உள்ளதையே வைத்துக்கொள்வதா என்பதே அவ்வினா. அவன் கணினி விளையாட்டில் நாட்டமுடையவன் என்பதை நாம் அறிவோம். ஆதலால் அவன் சொல்லி முடிக்குமுன்னரே, “மனே, முதல்ல சோதினையப் பாருங்க, விளையாட்டப் பிறகு பாப்பம்” என்று அனுப்பிவிட்டோம். “சரி சேர்” என்று அவனும் போய்விட்டான்.

அன்றிரவு அம்மறுமொழி எம்மை உறுத்தியது. வினாவை ஆராயாது வினவியவனின் ஒழுக்கத்தை ஆராய்வது ஆசிரியத் தொழிலுக்கு உரிய பழைய நோய். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விளையாடினால் அதனைப் பொழுதுபோக்கு என்கிறோம். வசதியற்ற வீட்டுப் பிள்ளை விளையாடினால் பொறுப்பின்மை என்கிறோம். மறுநாள் அவனை அழைத்து முழுவதையும் கேட்டோம்.

அவனுடைய கணினி புதிதன்று. 2021இல், ரூபாய் வீழ்வதற்கு முந்திய ஆண்டில், கட்டாரில் கட்டட வேலை செய்யும் தாய்மாமன் அனுப்பிய பணத்தில் மட்டக்களப்பு நகரில் வாங்கியது. ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்த பெட்டி. உள்ளே இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறை முறைவழியாக்கி. வரைகலை அட்டை ஒன்றைச் சேர்த்ததும் அலுவலகப் பெட்டி விளையாட்டுக் கணினியாயிற்று. அதில் அவன் ஆடுவது ‘வலோரன்ட்’. ஐவர் ஓர் அணியாய் நின்று மற்றோர் ஐவரை எதிர்க்கும் விளையாட்டு அது. அவனுடைய அணியில் இருவர் சிட்னியில் வாழும் பெரியம்மாவின் பிள்ளைகள். போர்க்காலத்தில் நாட்டை விட்டுப் போன குடும்பம். பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். இவன் அவர்களை நேரிற் கண்டது ஒரேயொரு முறை. இங்கே ஞாயிறு பிற்பகல் மூன்று மணியாயின் அங்கே இரவு எட்டரை. அந்நேரத்தில் சிங்கப்பூரிலுள்ள வழங்கியொன்றில் இரு சாராரும் சந்திக்கின்றனர். இவன் தமிழிற் பேச, அவர்கள் ஆங்கிலத்தில் விடையளிக்க, இடையிடையே பெரியம்மா வந்து தங்கையைச் சுகம் விசாரிக்கிறார். நாம் விளையாட்டு என்று ஒதுக்கியது இதனைத்தான்.

இனி, வினாவுக்கு வருவோம். கணினிக்கு அடித்தளமாய் நின்று ஏனைய நிரல்களை இயக்குவதனைப் பாடநூல் ‘பணிசெயல் முறைமை’ என்று கூறும். விண்டோஸ் 10 என்னும் முறைமையை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015 யூலையில் வெளியிட்டது. இதுவே விண்டோஸின் இறுதிப் பதிப்பு என, அதற்குச் சற்று முன்னர் அந்நிறுவனத்து அலுவலர் ஒருவர் மேடையிற் கூறியதும் உண்டு. எனினும் 2021 ஒக்டோபர் 5இல் 11 வந்தது, நிபந்தனைகளோடு வந்தது. டிபிஎம் 2.0 என்னும் காப்புப் பொறி வேண்டும். முறைவழியாக்கி இன்டெலினுடையதாயின், சிற்சில விலக்குகள் நீங்கலாக, 2017இல் சந்தைக்கு வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். 2025 ஒக்டோபர் 14உடன் 10க்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும் என்றும் அறிவிக்கப்பட்டது.

மாணவனின் முன்னே வழிகள் இல்லாமலில்லை; ஒவ்வொன்றும் ஒன்றைப் பறித்துக்கொள்ளும் வழியாயிருந்தது. 10இலேயே நின்றால் விளையாட்டு ஓடும், காவல் நின்றுவிடும். சோதனைகளை ஏமாற்றிக் குறுக்குவழியில் 11ஐ ஏற்றலாம். ஆனால் டிபிஎம் 2.0 இயங்காத கணினியில் 11 ஓடுமாயின், வலோரன்டின் ‘வாங்கார்ட்’ என்னும் காவல் நிரல் கதவைத் திறக்காது. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் முறைமைக்கு மாறலாம். விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் ‘புரோட்டன்’ என்னும் கருவியை வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்டபின் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அதில் ஓடுகின்றன. எனினும் வலோரன்ட் அவற்றுள் ஒன்றன்று. பலகை, முறைவழியாக்கி, நினைவகம் மூன்றையும் புதிதாய் வாங்குவதோ அக்குடும்பத்தின் கணக்கில் அடங்காது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாய்க்கு நின்ற டொலர் அவ்வாண்டிலேயே 360ஐத் தொட்டது. அதன் பின்னர் ஓரளவு தணிந்தபோதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. போதாக்குறைக்கு, 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ள, அவற்றின் விலையும் ஏறிற்று.

இங்கே நாம் கேட்க விரும்பும் கேள்வி, 11 சிறந்ததா 10 சிறந்ததா என்பதன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைப் பழையது என்று தீர்ப்பளிக்கும் உரிமை யாருடையது? தேய்ந்த கலப்பையை உழவன் தானே கண்டு கழிக்கிறான். இக்கணினி தேயவில்லை. அதன் முதுமை அதனுள் நிகழவில்லை. கடல் கடந்த ஓர் அலுவலகத்தின் நாட்காட்டியில் நிகழ்ந்தது. எல்லைக்கோடு இயற்கை வகுத்ததும் அன்று. எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை பொதுவாக விலக்கப்பட்டபோது, ஏழாம் தலைமுறை முறைவழியாக்கி ஒன்றுக்கு 2021 ஓகஸ்டில் விலக்களிக்கப்பட்டது. மைக்ரோசொப்ட் தானே விற்ற ‘சர்பேஸ் ஸ்ரூடியோ 2’ என்னும் விலையுயர்ந்த கணினியினுள் அது இருந்தது! தன் பொருளாயின் கோடு சற்றே வளைந்து கொடுக்கிறது.

பழமை நீங்கிப் புதுமை சேர்வதை இலக்கண நூலார் குற்றமாகக் கொள்ளவில்லை என்று வகுப்பில் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். ஆனால் மொழியிற் பழையதை நீக்குபவர் அதனைப் பேசும் மக்கள். உலக வழக்கு நீக்கிய பின்னரே இலக்கணம் அதனை ஏற்கிறது. மட்டக்களப்பார்க்கு இவ்விடத்தில் கூத்தின் நினைவும் வருதல் இயல்பு. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்தை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் சுருக்கி, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். ஏற்றவர் உண்டு, குறை கண்டவரும் உண்டு. ஆயினும் புதிய கூத்து மேடையேறிய நாளில் எவரும் ஊர்க்களரியின் விளக்கை அணைத்துவிடவில்லை. அண்ணாவியார் விரும்பிய வரை இரவு நீண்டது. புதுமை என்பதெல்லாம் முன்னேற்றம் என்று கொள்வது முற்போக்காளர்க்கும் நேரக்கூடிய மயக்கம் ஆதலின் இதனைக் குறிப்பிடுகிறோம். 1981இல் மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்களிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாய் உயர்ந்த ஊர் எம்முடையது. பழைய சுவர்கள் புதிய கல்விக்கு இடங்கொடுத்தன. (கட்டடமும் கணினியும் ஒன்றாகுமா என்பார்க்கு, உவமையை அவ்வளவு தூரம் இழுக்க வேண்டாம் என்போம்.)

இவ்வளவோடு நின்றால் எம் வாதம் ஒருபக்கச் சார்பாய் முடியும். “என் பெட்டி, என் விருப்பம்” என்று சொல்லக் கணினி தனித்து நிற்கும் பொருளன்று. 2017 மே 12இல் ‘வனாகிரை’ என்னும் தீநிரல் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டி மீட்புப்பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் முன்னரே அறிந்து, தன் உளவுக்கென மறைத்து வைத்திருந்தது என்பது வேறு கதை, சிறிய கதையுமன்று. திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. அதனை ஏற்றாதவரே பெரும்பாலும் வீழ்ந்தனர். அவர்கள் கணினியில் நுழைந்தது அங்கிருந்து அயலார் கணினிக்கும் தாவியது. ஆகவே திருத்தம் பெறாத கணினியை வலையத்தில் இணைத்து வைத்திருப்பவன் தனக்கு மாத்திரம் தீங்கு தேடுவதில்லை. மாணவனின் வீட்டில் இது வெறுங் கற்பனையும் அன்று. பல்கலைக்கழக அனுமதி, கடவுச்சீட்டு, வேலைவாய்ப்பு என அயலார் பலரின் விண்ணப்பங்கள் அக்கணினியிலேயே நிரப்பப்படுகின்றன. அடையாள அட்டையின் படங்கள் அதிலே கிடக்கின்றன. மாமன் அனுப்பும் பணம் வந்ததா என்று தாய் பார்ப்பதும் அதிலேதான். அவன் பிழையாகத் துணிந்தால் இழப்பவர் அந்த அயலார்.

அதே 2017இல், 2014ஆம் ஆண்டிலேயே கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. பழையதைக் காப்பது இயலாத காரியம் அன்று என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ? இயல்வதை எவ்வளவு காலம் செய்வது என்பதை இலாபக் கணக்கு முடிவு செய்கிறது. கனலிஸ் என்னும் ஆய்வு நிறுவனம் இம்முடிவினால் 24 கோடிக் கணினிகள் குப்பையாகலாம் என்று 2023இல் மதிப்பிட்டது. 2022இல் உலகம் ஈன்ற மின்கழிவு 6 கோடி 20 இலட்சம் தொன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாய்ப் பதிவானது அதில் நாலிலொன்றுக்கும் குறைவு. எஞ்சியதிற் பெரும்பகுதியைப் பிரித்தெடுக்கும் கைகள் எந்நாட்டு ஏழைகளுடையவை என்பதை வாசகர் அறிவர்.

எதிர்ப்பு வலுத்தபோது 2026 ஒக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு வழங்கப்பட்டது. அதற்கு 30 டொலர் கொடுக்க வேண்டும், ஏறக்குறைய 9,000 ரூபாய். அல்லது கணினியின் அமைப்பு விபரங்களை அந்நிறுவனத்தின் களஞ்சியத்தில் சேமிக்க ஒப்ப வேண்டும். பணமில்லாதவன் தன் விபரத்தால் விலை கொடுக்கலாம் என்பதே இதன் பொருள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்பொன்று இதனைக் கேள்விக்குட்படுத்த, 2025 செப்டெம்பரில் அச்சேமிப்பு நிபந்தனை ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் மாத்திரம் நீக்கப்பட்டது. ஏறாவூரிலும் செங்கலடியிலும் உள்ள கணினிக்காரர் அவ்வாறு கேட்டதில்லை. கேட்பதற்கு ஓர் அமைப்பாய்ச் சேர்ந்ததும் இல்லை.

இவற்றையெல்லாம் அவனோடு பேசிய பின்னர் எம் கருத்தைச் சொன்னோம். அயலாரின் விண்ணப்பங்களையும் வங்கி அலுவல்களையும் அன்றே வேறாக்க வேண்டும். அதற்கு லினக்ஸ் போதும். அதனைத் தமிழிற் பயன்படுத்த ஆர்வலர் பலர் கூலி பெறாது மொழிபெயர்த்தும் வைத்திருக்கின்றனர். விளையாட்டுக்காக நீட்டிப்பை ஓராண்டுக்கு ஏற்கலாம். 11ஐக் குறுக்குவழியில் ஏற்ற வேண்டாம். ஓராண்டின் பின் என்ன என்று அவன் கேட்டான். எம்மிடம் விடையிருக்கவில்லை.

அவன் இரண்டாவது வன்தட்டு ஒன்றைக் குறைந்த விலைக்குப் பெற்று லினக்ஸை ஏற்றினான். சிட்னியிலுள்ள அண்ணன்மாரிடம் செய்தியைச் சொன்னபோது, மூத்தவன் புதிய பலகைக்குப் பணம் அனுப்புவதாகக் கூறியிருக்கிறான். இவன் வேண்டாமென்றான். ஏன் என்று வினவினோம். “அவங்க காசுல வாங்கினா, பிறகு தோத்தாலும் அவங்களுக்குப் பதில் சொல்லணும் சேர்” என்றான். அதிற் சற்று அகந்தை இருப்பதாகவே எமக்குப் பட்டது. ஆயினும் திருத்த முற்படவில்லை.

அதற்குப் பதிலாக அவன் வேறொன்றைக் கேட்டான். லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடுகின்ற, விலையில்லாத ‘டோட்டா 2’ என்னும் விளையாட்டுக்கு எல்லோரும் மாறலாமா என்று. அதுவும் ஐவருக்கு ஐவர் ஆடுவதே. கற்பதற்கு மிகக் கடினமானது. இளையவன் உடனே இசைந்தான். மூத்தவன், தான் வலோரன்டில் ஆண்டுக்கணக்காய் ஈட்டிய தரநிலையை விட்டு வர இயலாது என்றான். சில ஞாயிறுகள் அவன் வரவேயில்லை. பின்னர் ஒரு நாள், எல்லோரும் தோற்றுக்கொண்டிருந்த வேளையில், தானும் வந்து சேர்ந்து தோற்றான் என்று மாணவன் சிரித்துக்கொண்டு சொன்னான். பெரியம்மா அன்றும் இடையில் வந்து, தங்கையின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று கேட்டாராம்.