பொட்டும் ரேஞ்ச் செக்கும்

வங்காளத்தில் பாத்ர மாதத்தின் கடைசி நாள், பெரும்பாலும் செப்டம்பர் 17, விஸ்வகர்மா பூஜை. கொல்கத்தாவின் தென்புறத்துப் பெஹாலாவில் அன்று ஒர்க்‌ஷாப்பிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் யானை வாகனத்தோடு விஸ்வகர்மா வந்துவிடுவார்; மேலே வானமெல்லாம் காற்றாடி. புஷ்பக விமானத்தைச் செய்தவர் அவர்தான் என்கிறது புராணம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த சிறு விமானதளம் உள்ள பேட்டைக்குப் பொருத்தமான சாமி. நம் ஆயுத பூஜைக்குச் சில வாரம் மூத்த அண்ணன் என்று இந்தப் பூஜையைச் சொல்லலாம். இரண்டிலும் கருவியைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம், அன்று அதனிடம் வேலை வாங்குவதில்லை. மாடல் விமானம் பறக்கவிடுகிறவருக்கு டிரான்ஸ்மிட்டர்தான் ஆயுதம். பொட்டு வைத்த அதையே மறுநாள் மைதானத்தில் நம்பாமல் சோதிக்கிறார். கும்பிட்ட பொருளைச் சந்தேகிக்கலாமா?

சந்தேகிக்கலாம் என்பதே என் கட்சி. கடவுள் பக்தனைச் சோதிப்பதற்கும் மெக்கானிக் பிரேக்கைச் சோதிப்பதற்கும் தமிழில் ஒரே சொல்தான். நாயனாரான சிறுத்தொண்டரைச் சிவன் சோதித்ததை யாரும் அவமதிப்பாகப் படிப்பதில்லை. சிவனுக்கு விடை முன்பே தெரியும், நமக்குத் தெரியாது என்பது மட்டுமே வித்தியாசம். ஆகவே நாம் செய்யும் சோதனையில் 'இல்லை' என்ற பதிலுக்கும் இடம் இருந்தாக வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரில் ரேஞ்ச் செக் செய்யும்போது சிக்னலின் பலத்தை வேண்டுமென்றே குறைக்கிறார்கள். பிறகு கையேடு சொல்லும் தூரம், சிலவற்றில் 30 எட்டு, விலகி நின்று ஸ்டிக்கை அசைத்துப் பார்க்கிறார்கள். அடுத்தது ஃபெயில்சேஃப். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டாரின் வேகம் (திராட்டில்) தானாக இறங்க வேண்டும். தொடர்பு அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்பதை அறுவதற்கு முன்பே சொல்லி வைக்கிற ஏற்பாடு இது. இப்படிச் சோதிப்பது நம்பிக்கைக் குறைவு என்பார் பக்தர். தன் கை எட்டாத நேரமும் வரும் என்று ஒப்புக்கொள்கிறவனிடம் குறைந்திருப்பது கர்வம்தான், பக்தி அல்ல.

அப்படியானால் சோதனையே போதுமே, பொட்டு எதற்கு என்று பகுத்தறிவாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் சோதனையும் சடங்காகிவிடும் என்பதை அவர் மறந்துவிடுகிறார். ஒரே டிரான்ஸ்மிட்டரில் பல விமானங்களின் செட்டிங் இருக்கும். தவறான மாடலைத் தேர்ந்துவிட்டால் ஐலரான், அதாவது இறக்கையில் அசையும் மடல், தலைகீழாக வேலை செய்யக்கூடும். ஸ்டிக்கைத் தள்ளுகிறோம், இறக்கையில் ஏதோ அசைகிறது, கண் திருப்தியடைந்துவிடுகிறது. எந்தப் பக்கம் அசைந்தது என்று மனம் கேட்கவே இல்லை. இது மந்திரத்தைப் பொருள் தெரியாமல் முணுமுணுப்பதற்கு எந்த விதத்தில் மேல்? மறுபுறம், பூக்கட்டிப் பார்க்கும் வழக்கத்தில் சாமியிடமே 'வேண்டாம்' என்ற உத்தரவு வர இடம் வைத்திருக்கிறோம். நினைத்த பூ வரும்வரை திரும்பத் திரும்ப எடுப்பவரும், ரேஞ்ச் செக் தோற்றதும் பத்து எட்டு கிட்டே வந்து 'இப்போது சரி' என்பவரும் ஒரே ஆள்தான். ஆக, கோடு கோயிலுக்கும் மைதானத்துக்கும் நடுவே ஓடவில்லை. பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது. துடைக்கும்போதாவது ஒருவர் கருவியை அருகில் வைத்துப் பார்க்கிறாரே. ஆனால் பொட்டு வைத்த கையோடு விமானத்தின் வால் பக்கம் வந்து நில்லுங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஐலரான் மேலே எழ வேண்டும். கீழே இறங்கினால் அன்று பறக்கவிடாதீர்கள்.